ஒன்பதாவது சுருள்

கையிருப்பு ஆறாயிரத்து நானூறு டாலர்.
பெரும்பகுதி, வெள்ளிக்கிழமைகளில்
கெளுத்தி மீன் வறுத்து விற்றது.
நோட்டில் இன்னும் எண்ணெய் வாடை என்கிறாள் கார்லிஸ்.
அவளுக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை.

பழைய டைல்ஸ் கிடங்கு இது.
ஐயோவாவில் ஜனவரி. ஹீட்டர் இருமுகிறது.
மேஜைமேல் விலைப்பட்டியல்,
பக்கத்துக்குப் பக்கம் விழாத சிறுமிகள்.

காற்றடைத்த நீளப் பாதை வாங்கலாம் என்கிறான் டெரெல்.
நீல நிறம், நாற்பதடி, சுருட்டினால் ஒரு மூட்டை.
பிள்ளைகள் பறப்பார்கள், பெற்றோர் படமெடுப்பார்கள்.
சரிதான்.
ஆனால் அதில் மட்டுமே பறந்து பழகிய கால்
போட்டித் தரையில் இறங்கும்போது
கடன் கேட்கப் போன வீட்டில்
கதவைச் சாத்தியதுபோல் திகைத்து நிற்கும்.
என் கணுக்கால் அந்த வாசலில் நின்றிருக்கிறது.

நுரைக்குழி?
நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இருந்தது.
வருஷத்துக்கு ஒருமுறை அள்ளி வெளியே போட்டால்
கம்மல், பல் கிளிப், ஒற்றைச் சாக்ஸ்,
ஒருமுறை யாரோ முடிக்காத வீட்டுப்பாடம்.
வேண்டாம்.

சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்கச் சொல்லி
ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார்.
மகள் தன்னைப் பார்க்கவா,
தான் மகளைப் பார்க்கவா என்று எழுதவில்லை.

கரணம் தப்பினால் என்று தொடங்கும்
அந்தப் பழைய வரியின் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு
மெத்தை என்று எழுதத்தானே
இத்தனை மீன் செத்தது.

பட்டியலை மூடிவிட்டு
எங்கள் பிள்ளைகள் விழுகிற விதத்தை எழுதினோம்.
ஓக்லின், எப்போதும் இடது தோளில்.
டேவியன் எட்டு மாதத்தில் நாலங்குலம் வளர்ந்துவிட்டான்,
தன் கால் எங்கே முடிகிறது என்று அவனுக்கே தெரியாது.
உச்சியில் நிற்கிறவளைத் தாங்கும்
மூன்று ஜோடி மணிக்கட்டுகள்.
அவற்றுக்கு மாற்று யாரும் விற்பதில்லை.
பிரிண்டி விழுவதே இல்லை.
பின்கரணத்துக்குக் கை தூக்குவாள், மூச்சிழுப்பாள்,
தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்பாள்.
செப்டம்பரிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்காக எண்கோண உருளை ஒன்றைக் குறித்தோம்.
பிறகு கூட்டிப் பார்த்து அடித்தோம்.

மஸ்கட்டீனில், ஆற்றோரம், ஒரு ஜிம்மை மூடுகிறார்கள் என்று தகவல்.
மாடு ஏற்றும் டிரெய்லரை இரவல் வாங்கிப் போனோம்.
ஒன்பது சுருள் தரை,
ஒவ்வொன்றும் ஆறடி அகலம், நாற்பத்திரண்டடி நீளம்.
ஐந்தாவதின் நடுவில் அவர்கள் ஒட்டிய வெள்ளைக் கோடு,
ஓரத்தில் திராட்சைச் சாறு கொட்டிய கறை.
விற்கிற வில்டா நுரையை அழுத்திக் காட்டவில்லை.
பூட்ஸைக் கழற்றினாள்,
ஐம்பத்தொரு வயதில் ஒரு சக்கரக்கரணம் போட்டாள்.
"வாங்கினதை இன்னும் திருப்பித் தருது" என்றாள்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.
எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை.
டெரெலுக்கு வந்தது. நூறு குறைந்தது.

மீதியில் ஒரு சாய்வு மெத்தை, நாலு மடிப்பு மெத்தை,
ஐஸ் வைக்க ஒரு பெட்டி. தீர்ந்தது.

விரித்தால் எட்டுதான் விரிகிறது.
கிடங்கு ஐம்பதடி.
அளந்தது யார் என்று அரைமணி நேரம் சண்டை.
(நான்தான்.)
எட்டில் நடு என்பது இரண்டு சுருளின் இடுக்கு.
அவர்களின் வெள்ளைக் கோடு
யாருடைய நடுவும் இல்லாமல் ஒதுங்கிக் கிடந்தது.
ஒன்பதாவதைச் சுருட்டியபடியே கட்டி
சுவரோரம் தள்ளினோம்,
தொடை உயரம், அசடு மாதிரி.

வியாழக்கிழமை நான் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தேன்.
பிரிண்டி அதன்மேல் முதுகைச் சாய்த்துக் கிடந்தாள்,
சும்மா, சலிப்பில், சூயிங்கம் மென்றபடி.
சுருள் அரை அடி உருண்டது.
கைகள் தரையைத் தொட்டன,
கால்கள் கூரையைப் பார்த்தன,
பிறகு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்,
சூயிங்கத்தைக் காணோம் என்று தேடிக்கொண்டு.

யாரும் கை தட்டவில்லை. டெரெல் தட்டப் போனான்,
கார்லிஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

இன்னொரு தரம் போனாள்.
தண்ணீர் கேட்கவில்லை.

இரவு கணக்கெழுதும்போது
மிஞ்சிய சுருளை எந்தத் தலைப்பில் சேர்ப்பது
என்று கேட்டாள் கார்லிஸ்.
நஷ்டம் என்று ஏற்கெனவே எழுதியிருந்தாள்.
ரப்பர் என் கையில் இருந்தது.